புளோர்: கல்லில் பிறந்த ஒளிப் பெயர்

கல்முனைப் பக்கத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ‘புளோரொளிர்வு’ என்ற சொல்லைக் கண்டதும் புளோரீனைத்தான் நினைக்கும். பற்பசையின் புளோரைட்டு அதற்கு முன்பே பழக்கம். அந்த நினைப்பு பிழை. ஆனால் பிழை பிள்ளையினுடையதல்ல, பெயரினுடையது.

இலத்தீனில் ‘புளுவெரே’ என்றால் ஓடுதல், ஒழுகுதல். தாதுவை உருக்கும்போது ஒருவகைக் கல்லைச் சேர்த்தால் கசடு இளகி ஓடும். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய அக்ரிகோலா அத்தகைய கற்களை ‘புளுவோரெஸ்’ என்றார். புளோர்ஸ்பார் என்ற பெயர் அந்த வழியில் வந்தது. புளோரீனும் தன் பெயரை அந்தக் கல்லிடமே பெற்றது.

1852இல் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸும் அதே கல்லிடம் போனார். அவர் கையாண்டவற்றுள் ஒன்று கொயினாக் கரைசல். பார்வைக்குத் தண்ணீர்போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் பட்டால் நீலமாக மின்னும். விழுங்கிய ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளி வெளிவருகிறது என்று காட்டியவர், ஓபல் கல்லின் பெயரால் ஒரு மினுக்கத்துக்குப் பெயர் இருப்பதுபோல, இதற்குப் புளோர்ஸ்பாரின் பெயரைச் சூட்டலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அடிக்குறிப்பே நிலைத்தது. ஆனால் அந்தக் கல்லைப் பெரும்பாலும் மின்னவைப்பது புளோரீன் அல்ல, அதில் துளியளவு கலந்திருக்கும் யூரோப்பியம் போன்ற மாசு.

ஆகவே புளோரொளிர்வுக்கு எனக்குப் பிடித்த சொல் ‘உடனொளிர்வு’. வெளிச்சம் படும்போதே ஒளிரும். நிறுத்தினால் சில நானோசெக்கனுக்குள் அடங்கிவிடும். விளக்கை அணைத்த பின்பும் மினுங்குவதற்கு ‘நின்றொளிர்தல்’ என்று ஏற்கெனவே அழகான சொல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளக்கவுரையே வேண்டாம்.

‘நிறமாலை’யும் அப்படித்தான். நியூட்டன் எடுத்தாண்ட ‘ஸ்பெக்ட்ரம்’ இலத்தீனில் வெறும் தோற்றம். தமிழ் அதை மாலையாகக் கட்டியது. இன்றைய உடனொளிர்வு நுணுக்குக்காட்டி அந்த மாலையை அவிழ்க்கிறது. கலத்தின் பாகங்களுக்கு ஏற்றிய பச்சைச் சாயமும் மஞ்சட்பச்சைச் சாயமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வடிகண்ணாடியால் முழுதாகப் பிரிக்க முடியாது. நிறமாலைப் படப்பிடிப்பில் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அலைநீளவாரியாக ஒளி அளக்கப்படுகிறது. பச்சைப் பாவும் மஞ்சள் ஊடையுமாக நெய்த மருதமுனைச் சேலை எட்ட நின்றால் ஒரே நிறம். நெய்தவருக்கோ எந்த நூல் எவ்வளவு என்று தெரியும். காரணம், தறியில் ஏற்றுமுன் ஒவ்வொரு நூலையும் தனியே பார்த்தவர் அவர். கணினியும் ஒவ்வொரு சாயத்தின் நிறமாலையையும் முதலில் தனியே பதிந்துகொண்டுதான் கலவையைப் பிரிக்கிறது. இலையை வைத்துப் பார்த்தால், யாரும் ஏற்றாத ஒரு சிவப்பு நூலும் கூடவே வரும்: பச்சையத்தின் சொந்த ஒளி.