கறிக்குள் கட்டிய தம்

தம் கட்டுவது நெஞ்சின் வேலை என்றுதான், திருமழிசைக் குளத்தில் முங்கிப் போட்டி போட்ட வயதில் நினைத்திருந்தேன். திமிங்கிலம் தம் கட்டுவது கறியில். அப்படி ஒரு கறித்துண்டின் பயணம் பெரு நாட்டில் தொடங்குகிறது.

ஒரு மணி நேரம்கூட மூழ்கியிருக்கக்கூடிய ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தசை அது. ஆட்டுக்கறியைச் சிவப்பாக்கும் அதே மயோகுளோபின் இதில் மண்டிக் கிடப்பதால், நிறம் கறுப்பை எட்டிவிடும். நடுவில் ஓர் இரும்பணுவை வைத்து, அதில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதம் இது. இதைப் படிகமாக்கி வடிவத்தை அறிய, கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ முதலில் குதிரை இதயத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். படிகங்கள் போதிய அளவு வளரவில்லை. மூழ்கும் பிராணிகளிடம் நிறைய இருக்குமே என்று தேடியபோது பெருவிலிருந்து திமிங்கிலக் கறி வந்து சேர்ந்தது. நல்ல பெரிய படிகங்கள் விளைந்தன. 1958இல், உலகிலேயே முதன்முறையாக, ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவம் தெரிந்தது. 1962இல் மாக்ஸ் பெருட்ஸுடன் சேர்த்து அவருக்கு நோபல்.

அந்தப் புரதம் கடலடியில் செய்கிற வேலைதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள் மூச்சை நெஞ்சில் அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். திமிங்கிலத்துக்கோ ஆழத்தில் விலாக்கூடு மடங்கி, நுரையீரலே சுருங்கிவிடும். மிச்சக் காற்று மூச்சுக்குழாய்க்குள் ஒதுங்கும். அதனால் நைட்ரஜன் ரத்தத்தில் அதிகம் கரையாது. இதயத்துடிப்பு குறையும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் முதல் பங்கு போகும். தசை தன் சொந்தச் சேமிப்பில் ஓட வேண்டும். இவ்வளவு புரதத்தை நெருக்கி அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டாதா? 2013இல் விடை வந்தது: மூழ்கும் பாலூட்டிகளின் மயோகுளோபின்மேல் நேர்மின்னூட்டம் கூடுதல். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கின்றன.

மறுபடி வடிவத்துக்கு வருவோம். அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளையலாம், எதில் முடியாது? அதைக் கணக்கிட்டு 1963இல் வரைபடமாக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும், உடன் உழைத்த ராமகிருஷ்ணனும் சசிசேகரனும். திமிங்கில மயோகுளோபினின் 153 அமினோ அமிலங்களை அதில் குறித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே அவர்கள் 'முடியும்' என்று கோடிட்ட எல்லைக்குள் விழுகின்றன. உலகெங்கும் எந்தப் புரத வடிவத்தையும் இன்றுவரை அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

பூந்தமல்லி, போரூர் வழியாகக் கிண்டி, அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டி அவர்கள் உழைத்த வளாகம். திருமழிசையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். குளத்தில் முங்கிய வயதில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.