ஜெனீவாவும் சித்தேரியும்: தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியர் அமைப்புகளும் பன்னாட்டுக் கல்விக் கூட்டுறவும்

1994ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. அக்டோபர் 5 அன்று உலக ஆசிரியர் நாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. நவம்பரில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் ஏழு மாநிலங்களின் 42 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழகத்திலிருந்து அதில் சேர்க்கப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. முன்னது, ஆசிரியர்கள் நாடுகளைக் கடந்து தமக்குள் வளர்த்துக்கொண்ட உறவின் பயன். பின்னது, அரசுகளும் நிதி நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயன். இவ்விரண்டும் தருமபுரியின் வகுப்பறைகளில் எவ்வளவு தூரம் சந்தித்தன என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சந்திப்பு மிகக் குறைவு என்பதும், மாவட்டம் அதனால் இழந்தது அதிகம் என்பதும் என் முடிவு.

தமிழகத்தில் இந்த வரலாறு மேலிருந்துதான் தொடங்குகிறது. 1909இல் தோன்றிய தென்னிந்திய ஆசிரியர் சங்கம் சென்னை மாகாணத்தின் மாவட்ட ஆசிரியர் கழகங்களை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்தது. ‘சவுத் இந்தியன் டீச்சர்’ என்ற ஆங்கில இதழையும் நடத்தியது. 1925இல் கான்பூரில் அகில இந்திய ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அதன் முன்னணியில் நின்ற பி. சேஷாத்ரி தமிழர், அஜ்மீர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1923இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான உலகக் கல்விச் சங்கங்களின் கூட்டமைப்பு எடின்பரோ, டொராண்டோ, ஜெனீவா என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை மாநாடு கூட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதே உந்துதலில் 1930 டிசம்பரில் காசியில் அனைத்து ஆசியக் கல்வி மாநாடு நடந்தது. முதல் உலகப்போரின் அழிவைக் கண்ட ஆசிரியர்கள், பள்ளிக்கூடம் வழியாக நாடுகளிடையே நல்லெண்ணத்தை வளர்க்க முடியும் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த மேடைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர்களும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும்தான். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம். அரூரிலோ பென்னாகரத்திலோ திண்ணையிலும் கூரைக் கொட்டகையிலும் பாடம் சொன்ன தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம், ஆங்கில இதழில் வந்த ஜெனீவாச் செய்தி எந்த வழியில் போய்ச் சேர்ந்திருக்கும்?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் அமைப்பு வேறு வழியில் வளர்ந்தது. மாஸ்டர் ராமுண்ணி போன்றோர் அவர்களைத் திரட்டியபோது முன்னின்ற கேள்விகள் மாதச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும்தான். தனியார் மேலாளரையோ உள்ளாட்சி மன்றத்தையோ அண்டி வாழ்ந்த ஆசிரியருக்கு உலக நல்லெண்ணத்தைவிட அடுத்த மாதச் சம்பளம் பெரிய கவலையாக இருந்தது. அதில் குறை காண ஏதுமில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல்தான் அரசு ஊழியர் ஆனார்கள். இந்தப் போராட்டங்களின் ஊடே சங்கமும் கூட்டணி, மன்றம், கழகம் என்று பல கிளைகளாகப் பிரிந்தது. பின்னாளில் பன்னாட்டு மேடையில் தமிழகத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் குரல் மெலிந்து ஒலித்ததற்கு இப்பிரிவும் ஒரு காரணம்.

உலக அளவில் 1952இல் கோபன்ஹேகனில் உலக ஆசிரியர் தொழில் அமைப்புகளின் பேரவை நிறுவப்பட்டது. அதன் 1961ஆம் ஆண்டுக் கூட்டம் புதுதில்லியில் கூடியது. இத்தகைய அமைப்புகள் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்றதுதான் 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஏற்ற ஆசிரியர் தகுநிலைப் பரிந்துரை. கல்விக் கொள்கையை வகுக்கும்போது ஆசிரியர் அமைப்புகளையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது தெளிவாகக் கூறுகிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. மாவட்டமும் பரிந்துரையும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவை. ஆனால் பரிந்துரைக்குச் சட்ட வலு இல்லை. மாவட்ட அளவில் கல்வித் திட்டம் தீட்டும் மேசையில் ஆசிரியர் சங்கத்துக்கு உரிய நாற்காலி என்று ஒன்று பிறகும் உருவாகவில்லை.

இதன் விளைவு துலக்கமாகத் தெரிந்தது 1990களில். 1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜோம்தியனில் ‘அனைவருக்கும் கல்வி’ உலக மாநாடு நடந்தது. அடுத்த ஆண்டே இந்தியா அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. அதுவரை தொடக்கக் கல்விக்கு வெளிநாட்டுக் கடன் வாங்கத் தயங்கிய மத்திய அரசு மனம் மாறியது. அப்படிப் பிறந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் செலவில் 85 விழுக்காட்டை மத்திய அரசும் 15 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன. மத்திய அரசின் பங்குக்குப் பின்னால் தமிழகம் உட்பட ஆறு மாநிலங்களுக்கு உலக வங்கிக் குழுமத்தின் கடனும், மத்தியப் பிரதேசத்துக்கு ஐரோப்பிய நாடுகளின் நன்கொடையும் இருந்தன.

மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு அளவுகோல்கள்: பெண் எழுத்தறிவு நாட்டுச் சராசரிக்குக் கீழே இருப்பது, முழு எழுத்தறிவு இயக்கம் கல்வி வேட்கையைத் தூண்டியிருப்பது. 1991 கணக்கெடுப்பில் நாட்டின் பெண் எழுத்தறிவு 39.29 விழுக்காடு. இன்றைய கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி அதற்கும் கீழே நின்றது. மானாவாரி நிலம், பெங்களூருக்குக் கூலி தேடிப் போகும் குடும்பங்கள், அக்காவோடு தங்கையும் பள்ளியை விட்டு நிற்கும் வழக்கம், மலையூர்களுக்குச் சாலை இல்லாமை என்று காரணங்கள் பல. இடைநிற்றலைப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவதும், ஆண் பெண் இடைவெளியை ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே குறைப்பதும் திட்டம் வைத்த இலக்குகளில் அடங்கும்.

இத்திட்டத்தின் மிச்சத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கட்டடங்களோ கற்பித்தல் கருவிகளோ அல்ல. வட்டார வள மையம், குறுவள மையம் என்ற இரண்டு ஏற்பாடுகள்தான். ஒன்றியத்துக்கு ஒரு மையம், சில பள்ளிகளுக்கு ஒரு குறுமையம். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் ஆண்டு முழுவதும் தனித்துக் கிடந்த ஆசிரியருக்கு, பக்கத்து ஊர் ஆசிரியரோடு உட்கார்ந்து ‘பின்னத்தை நீங்க எப்படிச் சொல்லித் தர்றீங்க?’ என்று கேட்க ஓர் இடம் கிடைத்தது. சித்தேரி மலையில் வேலை பார்த்தவருக்கு இது சிறிய விஷயமல்ல. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது இவ்வமைப்பு நாடு முழுவதும் பரவியது. இயக்கத்துக்கு உலக வங்கியோடு பிரிட்டனும் ஐரோப்பிய ஆணையமும் நிதி கொடுத்தன. கூட்டு ஆய்வுக் குழுக்கள் ஆண்டுதோறும் வந்து பார்த்துச் சென்றன. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்புகள் அரசுகளும் வங்கியும். ஆசிரியர் பயிற்சி பெறுபவராக வந்தார், பங்காளியாக வரவில்லை. மையத்தில் எதைப் பேசுவது என்ற நிகழ்ச்சி நிரலும் மேலிருந்தே இறங்கியது. ஆசிரியர்களே கேட்டு எழுப்பிய பேச்சு மெல்லப் பயிற்சி வகுப்பாகவும், பிறகு புள்ளிவிவரப் படிவங்கள் நிரப்பும் நாளாகவும் சுருங்கியது.

இதே ஆண்டுகளில் ஆசிரியர்களின் உலகமும் சும்மா இருக்கவில்லை. 1993 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் இரண்டு பெரும் பேரவைகள் இணைந்து ‘எஜுகேஷன் இன்டர்நேஷனல்’ பிறந்தது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பு அமைப்புகள் உண்டு. 1954இல் தோன்றிய அகில இந்திய ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பும் அவற்றுள் ஒன்று. 1999இல் ஆக்ஸ்ஃபாம், ஆக்‌ஷன் எய்டு ஆகியவற்றோடு சேர்ந்து உலகக் கல்விப் பரப்புரை இயக்கத்தை எஜுகேஷன் இன்டர்நேஷனல் தொடங்கியது. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக 1998இல் நாடுகள் தோறும் நடந்த பேரணியின் தொடர்ச்சி அது. தீப்பெட்டி, பட்டாசு, பீடி, செங்கல் சூளை என்று பிள்ளைகளின் உழைப்பை உண்ட தமிழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பன்னாட்டு முயற்சி இருக்க முடியாது.

2003 ஜூலை வேலைநிறுத்தம் கூட்டுறவின் மற்றொரு முகத்தைக் காட்டியது. தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்று தீர்ப்பளித்தது. தொழிற்சங்கத் தரப்பின் புகார் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமைக் குழுவரை சென்றது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87, 98 எண் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவில்லை என்றாலும், அங்கே கேள்வி எழுப்ப ஒரு வாசல் இருந்தது. உலகத் தொடர்பின் அருமை உள்ளூர் ஆசிரியருக்கு வேலை போன நாளில்தான் தெரியவந்தது.

அரசையும் சங்கத்தையும் தாண்டிய மூன்றாவது வழியும் தருமபுரியில் உண்டு. அரூருக்கு அப்பால் சிட்லிங் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதன் அருகிலேயே 2004இல் ‘துளிர்’ கற்றல் மையம் தோன்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, படிப்பை விட்ட இளைஞர்களுக்குக் கைத்தொழிலோடு கூடிய கல்வி என்று அது வளர்ந்தது. 1991இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இந்திய மாணவர்கள் தொடங்கிய ‘ஆஷா’ அமைப்பு அதற்குத் துணைநின்றது. அளவில் இது சிறிது. ஆனால் என்ன கற்பிப்பது என்பதை அங்கே இருந்த ஆசிரியர்களே முடிவு செய்தார்கள்; வெளிநாட்டில் இருந்தவர்கள் அந்த முடிவுக்குத் தோள்கொடுத்தார்கள். மாவட்டத் திட்டத்தில் காணாமற்போன பங்காளி உறவு இங்கே உயிரோடு இருந்தது.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு; தமிழக மாவட்டங்களில் அதுவே கடைசி. இதைக் கொண்டு மாவட்டத் திட்டம் தோற்றது என்று சொல்வது நியாயமல்ல. வயது முதிர்ந்தோரின் எழுத்தறிவின்மை அந்த எண்ணை இன்னும் பல காலம் கீழே இழுக்கும். ஆனால் பத்தாண்டுக் காலப் பன்னாட்டு நிதிக்குப் பின்னும், அந்த அனுபவத்தை மாவட்டத்து ஆசிரியர்களே எழுதி உலகின் பிற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு எழாதது குறைதான்.

2024 அக்டோபரில் பள்ளிக்கல்வித் துறை ‘கனவு ஆசிரியர்’ திட்டத்தில் தேர்வான ஆசிரியர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. அரசுப் பள்ளி ஆசிரியர் பாரிசுக்குப் போவது மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்கள் விருதாளர்களாகப் போனார்கள். சக ஆசிரியர்கள் அனுப்பிய பிரதிநிதிகளாக அல்ல. சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டியவை இரண்டு: இத்தகைய பயணங்களில் மாவட்ட ஆசிரியர் அமைப்புகள் தேர்ந்தனுப்புவோருக்கு ஓர் இடம், திரும்பி வருவோர் தாம் கண்டதை மொரப்பூரிலும் கடத்தூரிலும் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் முன்வைத்து விவாதிக்க ஒரு முழு நாள்.