பர்மாவில் நம்மவர் போட்ட முதல்

1852-இல் ஆங்கிலேயர் பெகுவைக் கைக்கொண்ட பின்னர், நம்மவர் இரங்கூனிலே வட்டிக்கடை வைத்தனர். மூன்றாண்டுக் கணக்கிற்குச் சென்ற மேலாட்கள், மாதந்தோறும் மொகல் தெருவிலுள்ள கோயிலிற் கூடி நடப்பு வட்டி நிர்ணயிப்பர். பயிருக்குக் கடன் கொடுத்து, அறுப்பில் வசூலித்து, மிஞ்சியதை உண்டி மூலம் ஊருக்கு அனுப்புவர். அந்நிய நாட்டிற் பணம் கைமாறிக்கொண்டே இருத்தல் வேண்டுமென்பது அவர்தம் கொள்கை. நிலத்தை அவர்கள் நாடினாரல்லர்.

1930-இல் நெல்விலை வீழவே, குடியானவர் கடனுக்கு நிலத்தையே கொடுத்தனர். நெல் விளையும் 13 ஜில்லாக்களில் நம்மவர் வசமிருந்த சாகுபடி நிலம் 1930-இல் நூற்றுக்கு 6, 1937-இலோ 25! இதனைச் செல்வமெனக் கருதினார் சிலர். நாம் அங்ஙனம் கருதோம். நிலம் உண்டியில் ஏறுமோ?

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முன்னரே பலர் வெறுங்கையுடன் காட்டுவழி நடந்து ஊர் திரும்பினர். 1948-இல் பர்மா சர்க்கார் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தபோது, நம்மவர் கையிலிருந்தவை பத்திரங்களே.