டிண்டிங்ஸ் முதல் நடுநிலைக் கொள்கை வரை: எல்லைக்கோடுகளும் நம்மவர் குடியுரிமையும்

பாகான் டத்தோ - நம் தாத்தா, பாட்டி காலத்துப் பிறப்புப் பத்திரத்தில் ஊர்ப் பெயரோடு மாநிலத்தின் பெயரும் இருக்கும். அந்த ஒரு வரி அவர்களின் குடியுரிமையை எப்படிப் பாதித்தது என்பது இளையோர் பலருக்குத் தெரியாது.

பேராக்கிற்குள் ஒரு பிரிட்டிஷ் நிலம்

1874 ஜனவரி 20-ஆம் தேதி கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தின்படி, பேராக் ஆற்று முகத்துவாரத்திற்கு வடக்கே உள்ள லூமுட், பங்கோர் தீவு வட்டாரம் பிரிட்டிஷாரிடம் போனது. டிண்டிங்ஸ் என்ற பெயரில் அது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரைப் போல நீரிணைக் குடியேற்றங்களுடன் சேர்க்கப்பட்டது. 1935-இல்தான் மீண்டும் பேராக்கிற்குத் திரும்பியது.

இடைப்பட்ட காலத்தில் லூமுட்டில் பிறந்த குழந்தை, பிறந்த மண்ணாலேயே பிரிட்டிஷ் பிரஜை. ஆற்றுக்குத் தெற்கே பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த மண் மட்டும் அந்த உரிமையைத் தரவில்லை.

பிரிந்து போக விரும்பிய பினாங்கு

1946 ஏப்ரல் 1-இல் மலாயன் யூனியன் உருவானபோது பினாங்கும் மலாக்காவும் மலாய் மாநிலங்களுடன் இணைக்கப்பட்டன. சிங்கப்பூர் தனியே நின்றது. 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு வந்தது.

வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோகும், வியாபாரம் படுத்துவிடும் என்று பினாங்கு வர்த்தகர்கள் அஞ்சினர். 1948 டிசம்பரில் பிரிவினைக் குழு அமைத்தனர். அவர்கள் கேட்டது சுதந்திர நாடு அல்ல. கூட்டரசிலிருந்து விலகி, பழையபடி பிரிட்டிஷ் குடியேற்றமாக இருப்பதையே கேட்டனர். 1949 பிப்ரவரியில் பினாங்குக் குடியேற்ற மன்றத்தில் அந்தத் தீர்மானம் தோற்றது. லண்டனுக்கு அனுப்பிய மனுவும் பலிக்கவில்லை.

குடியுரிமையும் இதில் அடங்கியிருந்தது. 1948 விதிகளின்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்த பிரிட்டிஷ் பிரஜை 15 ஆண்டுகள் தொடர்ந்து கூட்டரசில் வசித்திருந்தால் போதும். மலாய் மாநிலங்களில் பிறந்த இந்தியர், சீனருக்கோ பெற்றோரின் பிறப்பிடம், வசிப்புக் காலம் என்று கூடுதல் நிபந்தனைகள் இருந்தன.

1957 மெர்டேக்கா அரசியலமைப்பு கதவை அகலத் திறந்தது. இங்கே பிறந்து 18 வயது நிரம்பியவர், முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் இங்கு வசித்திருந்தால் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவருக்கு மலாய் மொழித் தகுதியிலும் விலக்கு கிடைத்தது. அதற்குள் பதியாமல் விட்டவர்களுக்குப் பிறகு ஒவ்வொரு படியும் கடினமானது. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த பெரியவர்களைத் தோட்டப்புறம் அறியும்.

வல்லரசுகளுக்கு நடுவே

மாநிலங்களின் கேள்வி ஓரளவு தீர்ந்தபின் நாட்டின் கேள்வி வந்தது. 1957-இல் மலாயா பிரிட்டனோடு தற்காப்பு ஒப்பந்தம் செய்திருந்தது. 1968 ஜனவரியில், தன் படைகளை 1971-க்குள் மீட்டுக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அதே மாதம் துன் டாக்டர் இஸ்மாயில், தென்கிழக்காசியாவை நடுநிலை வட்டாரமாக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அமெரிக்கா, சோவியத் யூனியன், சீனா மூன்றும் அதற்கு உத்தரவாதம் தர வேண்டும் என்பது அவர் யோசனை.

துன் அப்துல் ரசாக் அதை அரசாங்கக் கொள்கையாக்கினார். 1971 நவம்பர் 27-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து ஆசியான் நாடுகளும் கோலாலம்பூர் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 'அமைதி, சுதந்திரம், நடுநிலை வட்டாரம்' என்பதே அதன் குறிக்கோள்.

நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அல்ல. அதே நவம்பரில்தான் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூருடன் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடும் நடப்புக்கு வந்தது. 1974 மே 31-இல் மலேசியா சீனாவுடன் தூதரக உறவு கண்டது. அந்தக் கூட்டறிக்கையில் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்று இரு அரசுகளும் அறிவித்தன. வெளியுறவுக் கொள்கையும் கடைசியில் குடிமக்களின் அடையாள அட்டையைத் தொட்டது.

எனவே வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பிறந்த இடம், தேதி, தோட்டத்தின் பெயர் எல்லாம் தெரியும்படி நகலெடுத்து வையுங்கள். குடியுரிமைச் சிக்கல் வந்தால் அதிகாரிகள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.