ஒட்டுக் கடிகாரம்

ஒரு கைக்கடிகாரத்தின் மெஷின், இன்னொன்றின் கேஸ், புதிதாக அச்சிட்ட டயல், தனியாக வாங்கிய முட்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பொருத்தி, பழைய கடிகாரம் ஒன்றின் தோற்றத்தில் ஆக்கப்படுவது ஒட்டுக் கடிகாரம். சேகரிப்பாளர்கள் இதை ‘ஃபிராங்கன் வாட்ச்’ என்பார்கள். 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலில், பிணங்களின் உறுப்புகளை இணைத்து உயிர் கொடுத்த ஃபிராங்கன்ஸ்டைனின் பெயரிலிருந்து வந்த சொல் அது. இந்தியச் சந்தையிலிருந்து வருவதற்குப் ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று பெயர். நமக்குப் பிணத்தைவிட மாமரமே பொருத்தமான உவமை. வேர் ஒரு மரத்தினது, கிளை வேறொரு மரத்தினது, காய்ப்பது ஒன்றாக. ஒட்டுக் கன்றை ஒட்டு என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்வதில்லை. நாட்டு மரம் என்று சொல்லி விற்றால்தான் சண்டை வருகிறது. கடிகாரத்திலும் வழக்கு அவ்வளவுதான்.

பாகங்களை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கடிகாரத்தைச் செய்த நிறுவனமே செய்தவை ஒரிஜினல் பாகங்கள். வெளியார் அதே அளவில் செய்து விற்பவை வெளிப்பாகங்கள். மெஷின் பெரும்பாலும் ஒரிஜினலாக இருக்கும், ஏனென்றால் பேலன்ஸ் சக்கரத்தையும் மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கையும் சிறு பட்டறையில் செய்து முடிக்க இயலாது. டயல், முள், கண்ணாடி, சாவி, வார் ஆகியவையே வெளியிலிருந்து வருகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாங்குபவர் கண்ணில் படுவதெல்லாம் வெளிப்பாகம், ஒரிஜினல் மட்டும் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது.

பம்பாய் ஸ்பெஷலின் தோற்றம்

சுவிஸ் கடிகாரங்களுக்கு இந்தியா பழைய சந்தை. 1737இல் தொடங்கிய ஃபாவ்ரே லூபா 1865இலேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பனி 1886இல் இந்தியச் சந்தையை நோக்கித் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி இறுக்கப்பட்டதும் வெளிநாட்டுக் கடிகாரம் கடத்தல் பொருளாயிற்று, அதன் உதிரிப் பாகம் அதைவிட அரிதாயிற்று. பழுது பார்ப்பவர் இரண்டு செத்த கடிகாரங்களை வைத்து ஒன்றைப் பிழைக்கவைத்தார். அதில் ஏமாற்று ஏதுமில்லை, கைத்தொழிலின் சாமர்த்தியம்தான் இருந்தது.

1961இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட் போன்ற மாடல்களில் சாவி கொடுத்து ஓட்டும் 17 கல் (ஜுவல்) மெஷின் இருந்தது. கேஸ் குரோம் பூசிய பித்தளை. வியர்வை பட்ட இடத்தில் குரோம் உரிந்து மஞ்சள் தெரியும், மெஷினோ ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆலைகளும் சேர்ந்து இவை கோடிக்கணக்கில் வெளிவந்தன.

அடுத்து வந்தது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ வெளியிட்ட அஸ்ட்ரான்தான் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து அந்த அலையை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது. சாவிக் கடிகாரங்கள் மேசை இழுப்பறைக்குப் போயின, அங்கிருந்து பழைய சாமான் கடைக்குப் போயின. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடிய பிறகுதான் ஜனதாவுக்கு மவுசு கூடியது. கிடங்கில் எஞ்சிய டயலும், வீட்டில் நின்றுபோன மெஷினும், புதிதாகச் செய்த கேஸும் ஒன்றாகி, ஆலை ஒருநாளும் போடாத நிறங்களில் ‘பழைய’ பைலட்டுகள் விற்பனைக்கு வந்தன. சீக்கோ 5, சிட்டிசன், ரிக்கோ, கேமி, ஃபாவ்ரே லூபா ஆகியவற்றுக்கும் இதே கதிதான். பெரும்பாலும் சிலிக்கோன் மெத்தையில் மை ஏற்றி ஒத்தியெடுக்கும் முறையிலேயே டயலுக்கு மறு அச்சு செய்கிறார்கள். நல்ல கை செய்தால் எழுத்து கூர்மையாக விழும். அவசரக் கை செய்தால் எழுத்தின் கால்கள் தடிக்கும், நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி தப்பும்.

பொருத்தும் வேலை

இன்று பழைய பாணிக் கடிகாரத்தைச் சொந்தமாகச் சேர்க்க விரும்புவோர் அதிகம் நாடுவது சீக்கோ குழுமத்தின் என்.எச்.35 மெஷினை. 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுதாகச் சாவி ஏறினால் ஏறக்குறைய 41 மணி நேர ஓட்டம். 1996இல் வந்த அதன் மூத்த உறவான 7எஸ்26இல் கையால் சாவி கொடுக்க வழியில்லை, நேரம் வைக்கையில் வினாடி முள்ளை நிறுத்தவும் முடியாது. என்.எச்.35 இரண்டையும் செய்கிறது. 28.5 மில்லிமீற்றர் டயலும் கேஸ்களும் இதற்கெனவே தாராளமாகக் கிடைக்கின்றன.

அளவுதான் இத்தொழிலின் இலக்கணம். மணி முள்ளின் துளை 1.50 மில்லிமீற்றர், நிமிட முள்ளுக்கு 0.90. சுவிஸின் ஈ.டி.ஏ. 2824 மெஷினுக்கும் இதே அளவுகள்தான். வினாடி முள்ளில்தான் வழி பிரிகிறது. சீக்கோவுக்கு 0.20, ஈ.டி.ஏ.வுக்கு 0.25. இந்த 0.05 மில்லிமீற்றரைக் கவனிக்காமல் வாங்கியவரின் வினாடி முள், கையை ஒருமுறை உதறியதும் கண்ணாடிக்குள் தனியே கிடந்து உருளும்.

டயலின் முதுகில் இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவை மெஷினில் அதற்கென உள்ள துளைகளில் இறங்க வேண்டும். சாவி 3 மணிப் பக்கம் இருக்கும் கேஸுக்கும், 4 மணிப் பக்கம் சரிந்திருக்கும் கேஸுக்கும் இந்தக் கால்களின் இடம் வேறு. பொருந்தாவிட்டால் காலை வெட்டிவிட்டு ஒட்டுப் பசையில் டயலை நிறுத்துவார்கள். பிற்பாடு டயலைக் கழற்றுபவர் அந்த வெட்டிய மொட்டைகளைப் பார்த்ததுமே கதையைப் புரிந்துகொள்வார்.

முள் ஏற்றுவதற்கும் முறை இருக்கிறது. சாவியை இழுத்து, தேதி சட்டென்று மாறும் கணம்வரை திருப்பி, அங்கேயே நிறுத்திவிட்டு மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12இல் வைத்து அழுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தேதி பகல் பத்து மணிக்குக்கூட மாறலாம். வாயால் ஊதித் தூசியை நீக்கக் கூடாது, எச்சில் துளி படும். அதற்கு ரப்பர் ஊதி உண்டு. கடைசி வேலை சாவித் தண்டை வெட்டுவது. தண்டு நீளமாகவே வரும். கொஞ்சம் வெட்டி, அரத்தால் தேய்த்து, செருகிப் பார்த்து, மறுபடியும் கொஞ்சம் வெட்டுவார்கள். நீளம் மிஞ்சினால் திரும்பவும் வெட்டலாம், குறைந்தால் புதுத் தண்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. புதிதாகப் பழகுபவர் முதல் தண்டைப் பெரும்பாலும் குட்டையாக்கிவிடுவார்.

பழசாக்கும் கலை

பழைய பாணியின் உயிர் நிறத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருளில் ஒளிரும் டயல்களில் ரேடியம் பூசினார்கள். 1960களிலிருந்து டிரிட்டியம் அந்த இடத்தைப் பிடித்தது. 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கமற்ற லூமிநோவாவைக் கொண்டுவந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஐம்பது ஆண்டுக் கடிகாரத்தில் அது ஒளிர்வதை நிறுத்தியிருக்கும், வெள்ளைப் பூச்சு பாலாடை நிறத்துக்கோ தேன் நிறத்துக்கோ மாறியிருக்கும். அந்த முதுமை நிறத்துக்குத்தான் இன்று விலை. அதனால் புது ஒளிப்பூச்சிலேயே மஞ்சள் கலந்து விற்கிறார்கள். அலுமினிய வளையத்தை வெளுப்புக் காரத்தில் ஊறவைத்துச் சாம்பல் நிறமாக்குகிறார்கள். தேயிலைச் சாயத்தைத் தொட்டு வைப்பவர்களும் உண்டு.

ஓர் எச்சரிக்கை அவசியம். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளி செத்துப்போன டயலிலும் கதிரியக்கம் சாவதில்லை. பழைய ரேடியம் டயலைச் சுரண்டினால் எழும் தூள் நுரையீரலுக்குள் போகும். அப்படிப்பட்ட டயலைத் தொடாமல் விட்டுவிடுவதே அறிவு.

பட்டிப்பொலச் சோதனை

ஒட்டுக் கடிகாரத்தைச் சோதிக்கும் மலையூர் ஒன்று உண்டு. நுவரெலியா மாவட்டத்தின் பட்டிப்பொல, 1,891 மீற்றர் உயரத்தில் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையத்தைக் கொண்ட ஊர். இங்குள்ள தேயிலைத் தோட்டப் பகுதிகளில் நேரம் நெடுங்காலம் கையில் கட்டும் பொருளாக இருந்ததில்லை. தப்பு மேளச் சத்தம், பிரட்டு எனும் காலை ஆள்கணக்கு, ஆலைச் சங்கு, கடந்துபோகும் ரயில் என்று அது காதுக்கு வந்து சேர்ந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் புது மணிக்கூடு வாங்குவது அரிது, இருப்பதைத் திருத்திக் கட்டுவதே வழி. 1977இல் சந்தை திறந்தது. பிறகு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த சீக்கோவும் சிட்டிசனும் மலைக்கு ஏறின. அவை பழுதானபோது கடைத்தெரு ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் திருத்துநர் கையில் கிடைத்த பாகத்தைப் போட்டார். அதற்கு ஒட்டு என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஒட்டுக் கடிகாரத்தின் பலவீனம் இந்தக் குளிரில்தான் வெளிப்படுகிறது. முக்குளிப்போர் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தில் ஒரு சோதனை இருக்கிறது. கடிகாரத்தை 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர்த்துளியை விட்டு, சற்றுப் பொறுத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே பனி படர்ந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியின் சூட்டிலிருந்து விடியற்காலைப் பனிக்குள் இறங்கும் கை இதே சோதனையைத் தினமும் நடத்துகிறது. வேறு வேறு கடிகாரத்துக் கேஸும் பின்மூடியும் கூடும் இடத்தில் ரப்பர் வளையம் சரியாக உட்காராது. கொழும்பில் மாதக்கணக்கில் குறையில்லாமல் ஓடிய ஒட்டு, பட்டிப்பொலையில் ஒரே காலையில் கண்ணாடிக்குள் வியர்க்கலாம். கண்ணாடி வியர்த்தால் அடுத்தது துருதான்.

பெயர் யாருடையது

சட்டம் கவலைப்படுவது டயலில் உள்ள பெயரைப் பற்றி. பெயரே இல்லாத டயலோடும் சொந்தப் பெயரோடும் கடிகாரம் சேர்ப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. ரோலெக்ஸின் 5513 மாடல் தோற்றத்தில் ஒரு கேஸைச் செய்து, ஈ.டி.ஏ. மெஷினைப் போட்டு, அச்சடித்த கிரீடச் சின்னத்தோடு விற்றால் அது போலி. உள்ளே இரண்டொரு ஒரிஜினல் பாகம் இருப்பது அதைக் காப்பாற்றாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டமும் இதைக் கவனிக்கின்றன.

நடுவில் உள்ள சிக்கலை அமெரிக்க நீதிமன்றங்கள் அலசியிருக்கின்றன. உண்மையான பழைய ரோலெக்ஸுகளில் வெளியார் டயலும் வளையமும் வாரும் மாட்டி விற்றவர் மீதான வழக்கில், அவ்வளவு மாற்றிய பிறகு பழைய பெயரை வைத்திருப்பது போலிதான் என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் இன்னொரு ரோலெக்ஸ் வழக்கிலும் இதே நோக்கு நிலைத்தது. இதற்கு மாறாக ஒரு தீர்ப்பும் உண்டு. கொலராடோ மாநிலத்தின் வோர்டிக் நிறுவனம், நூறாண்டுப் பழைய ஹாமில்டன் சட்டைப்பை கடிகார மெஷின்களுக்குப் புதுக் கேஸ் செய்து கைக்கடிகாரமாக்கி விற்றது. டயலில் ஹாமில்டன் பெயர் அப்படியே இருந்தது. ஹாமில்டன் வழக்குத் தொடுத்தது, 2020இல் தோற்றது, 2021இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மெஷின் பழையது, கேஸ் புதியது, சேர்த்தவர் நாங்கள் என்று வோர்டிக் விளம்பரத்திலும் கடிகாரத்திலும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது அதற்குக் கைகொடுத்தது. இரு வகைத் தீர்ப்புகளுக்கும் நடுவே தெரிவது ஒட்டுக் கன்று விற்பவரின் நியாயமே.

இனங்காணல்

சீக்கோவில் இது எளிது. பின்மூடியில் 7009-876ஏ என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் மெஷினையும் பின்னது கேஸையும் குறிக்கும். மூடியில் 7009 என்றிருந்து உள்ளே 7எஸ்26 ஓடினால் அது ஒட்டு. தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஆங்கில எழுத்து வரும். டயல் 25 கல் என்று சொல்ல, மெஷினில் 21 என்று பொறித்திருந்தாலும் ஒட்டுத்தான். எச்.எம்.டி.யில் எண் குறைவாகத்தான் உதவும். அங்கே டயலின் அச்சையும் நிறத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தேய்ந்த கேஸுக்குள் பளபளக்கும் டயல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழுது பார்த்த தேதியையும் தம் அடையாளத்தையும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறி வைப்பது கடிகாரத் திருத்துநரின் பழைய வழக்கம். ஒட்டுச் சேர்ப்பவர்களும் அந்த இடத்திலேயே எழுதி வைக்கலாம்: மெஷின் எது, டயல் யார் செய்தது, எந்த ஆண்டு சேர்த்தது.