சித்திர வித்தியாதரிசியின் தூரிகை: வின்சரும் இலங்கை நிலக்காட்சி ஓவியமும்

சார்ள்ஸ் ஃபிறீகுரோவ் வின்சர் 1886இல் வார்சோ நகரில் பிறந்தார். இலண்டனிலும் பாரிசிலும் பயின்று, கல்லச்சுப் படங்களிலும் தைலவர்ணத்திலும் கைதேர்ந்தார். 1920இல் அவர் இலங்கைக்கு வந்தது பாடசாலைகளின் சித்திர வித்தியாதரிசியாக. பாரிசில் பிறந்த மனப்பதிவுவாதமும் அதன் பின்வந்த போக்குகளும் இந்தத் தீவுக்குள் நுழைந்ததில் இந்தக் கல்வித் திணைக்களப் பதவிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் போக்குகள் எங்கெங்கே வேரூன்றின, எங்கே போய்ச் சேரவில்லை என்பவற்றையும் அந்தப் பதவியின் எல்லைகளே பெரிதும் தீர்மானித்தன.

1874இல் பாரிசில் மொனேயும் நண்பர்களும் தனியே நடத்திய கண்காட்சி, ஓவியன் எதைப் பார்க்கிறான் என்ற கேள்வியையே மாற்றியது. மலை, மரம், வீடு என்று பொருள்களைத் தனித்தனியே வரைவதை விட்டு, அவற்றின்மீது அந்தக் கணத்தில் விழும் ஒளியைச் சின்னச் சின்ன வர்ணத் தீற்றல்களால் பிடிக்க முயன்றனர். குழாய்களில் அடைத்த தைலவர்ணம் 1841 முதல் கிடைக்கத் தொடங்கியிருந்ததால், கூடத்தை விட்டு வெளியே போய் வரைவது எளிதாயிற்று. அடுத்து செசான், மேசைமேல் வைத்த ஆப்பிள்களையும் மலைச் சரிவையும் ஒரே கண்ணால் பார்த்தார். வர்ணத்தாலேயே பருமனைக் கட்டி எழுப்பினார். நிலக்காட்சியும் பொருட்கூட்டமும் கற்பித்தலுக்கு உகந்த வகைகளாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அரசனோ புராணக் கதையோ தேவையில்லை. ஒரு சட்டி, இரண்டு பழம், சாளரத்துக்கு வெளியே தெரியும் மேடு போதும்.

வின்சருக்கு முன் இலங்கையின் நிலக்காட்சி பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகள், பயணிகள் ஆகியோரின் நீர்வர்ணப் படங்களாகவே இருந்தது. 1846இல் கொழும்பு அக்கடமிக்குச் சித்திர ஆசிரியராக வந்த அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கொல், 1848இல் இடிபாட்டு நகரங்களுக்குச் சென்று வரைந்தார். உள்ளூர் ஓவியர்களில் முதலியார் ஏ.சி.ஜி.எஸ். அமரசேகர போன்றோர் ஆங்கிலக் கல்விக்கழக மரபில் உருவப்படங்களில் பெயர் பெற்றனர். திறமையில் குறை இல்லை. ஆயினும் அந்த மரபில் ஒளி பொருளுக்கு ஏவல் செய்தது. ஓவியத்தின் பொருளாகவே அது மாறவில்லை.

வின்சரின் பெரிய சாதனை அவர் வரைந்த படங்களைவிட அவர் கண்டெடுத்த மனிதர்களில் இருக்கிறது. 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற் தூரிகையைத் தீவிரமாகக் கையிலெடுத்தது 1920களின் பிற்பகுதியில். அவருக்கு ஊக்கமளித்தவர்களில் வின்சர் முக்கியமானவர். கீற்றின் தொடக்ககாலப் படங்களில் நிலக்காட்சியும் பொருட்கூட்டமும் பிக்குகளும் நிறைய உண்டு. கியூபிசத்தின் கோடுகள் பிற்பாடு வந்தவை. ஜெஃப்ரி பெலிங் (1907–1992) அந்த இரு வகைகளையும் நெடுங்காலம் கைவிடாதவர். செசானின் கட்டுக்கோப்பை அவரிடம் தெளிவாகக் காணலாம். அவரும் பின்னாளில் சித்திர வித்தியாதரிசிப் பதவிக்கு வந்தார். ஒளிப்படக் கலைஞரும் பியானோ வாசிப்பவருமான லயனல் வென்ட் இவர்களுக்குத் துணை நின்றார். அக்காலத்தில் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்பிலிருந்த கவிஞர் பாப்லோ நெருடா, 1930இல் கீற்றின் ஓவியங்களைப் பாராட்டி எழுதினார். 1943 ஆகஸ்ட் மாதம் வென்டின் வீட்டில் கூடிய, நவீன ஓவியர்களின் '43 குழு' இந்த வட்டத்திலிருந்து விளைந்தது. 1950களில் அதன் படங்கள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போயின. வின்சர் அதைக் காணவில்லை. 1930களின் தொடக்கத்தில் நாட்டை விட்டுச் சென்ற அவர் 1940இல் மறைந்தார்.

தமிழ் ஓவிய வரலாற்றில் அவருடைய பெயர் வேறு வழியாக நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றிய எஸ்.ஆர். கனகசபை 1938இல் ஓவிய ஆசிரியர்களைச் சேர்த்துத் தொடங்கிய கழகத்துக்கு 'வின்சர் ஆர்ட் கிளப்' என்றே பெயரிட்டார். அந்தப் பெயரில் நன்றி தெரிகிறது. பாடசாலை ஆசிரியர்களே அங்கு ஓவியர்கள். பாடசாலைச் சுவர்களும் கண்காட்சிக்கு உதவின. அடுத்த தலைமுறையில் அ. மாற்கு (1933–2000) கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் டேவிட் பெயின்ரரிடம் கற்றுத் திரும்பி, யாழ்ப்பாணத்தில் பல மாணவர்களை உருவாக்கினார். 1995இல் போரால் யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர் விட்டுச்சென்ற படங்களின் இழப்பு ஈழத்து ஓவியத்துக்கு ஆறாத காயம்.

தேயிலை விளையும் மலைநாட்டு ஊவாவின் கதை யாழ்ப்பாணத்துக்கு நேர்மாறானது. காட்சிக்கு அங்கே பஞ்சமே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன் பக்கத்து மலைகள் மழையில் மூழ்கிக் கிடக்கும்போது, மழையை இறக்கிவிட்டு வரும் காற்று ஊவாவில் உலர்ந்து வீசுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்த வறண்ட காலமே ஊவாத் தேயிலைக்கு மணம் தருவது. பதுளைக்கு மேலே நமுனுகுலையின் சரிவுகளையும் பட்டனைப் புல்வெளிகளையும் கூர்மையான வெயிலில் காட்டுவதும் அதுதான். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. ரயில் 1924இல் பதுளையை எட்டியது. வின்சர் பணியிலிருந்த ஆண்டுகள் இவை. வர்ணப் பெட்டியோடு கொழும்பிலிருந்து ஏறுபவர் நேரே அந்த ஒளிக்குள் இறங்கலாம்.

ஆனால் அந்த ஒளியில் விடியற்காலை பிரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு கிட்டவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர். வாசிப்பு, எழுத்து, கணக்கு. சித்திரப் பாடமே இல்லாத இடத்தில் சித்திர வித்தியாதரிசி பார்வையிட என்ன இருக்கும்? 1945இன் இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளை ஒதுக்கியே வைத்தது. 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய பின், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படம் அவரது தேயிலை விளம்பரங்களில் உலகெங்கும் போனது. ஊவாவின் தொழிலாளர் அக்காலத்தில் பரவலாக ஓவியத்துக்குள் வந்தது இப்படித்தான், வேறொருவர் விற்கும் பொருளின் அடையாளமாக.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பிறகே அவற்றின் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களில் சுவீடன் அரசின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் இயங்கத் தொடங்கிய பின், பயிற்சி பெற்ற தமிழ் ஆசிரியர்கள் ஊவாவின் தொழிலாளர் லயங்களுக்கு அருகிலுள்ள வகுப்பறைகளுக்கும் போகலாயினர்.