கட்டுச்சோறும் கடைச்சோறும்

வெக்ஸ்போர்ட்டில் லோரன்ஸ் வீதியால் விக்ரோரியா பார்க்கிலிருந்து கிழக்கே நடப்பவருக்குப் பசி ஒரு பெரிய பிரச்சினை அல்ல. அரபுக்காரரின் ஷவர்மா, பிலிப்பீன்ஸ்காரரின் சோறு, கொஞ்சம் தள்ளிப்போனால் எங்கட ஆட்களின் கொத்துரொட்டி. உள்ளே நுழைகிறவரை "நீ ஆர், எவடம்?" என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. காசை மட்டும் கேட்பார்கள். கோடை விடுமுறை நெருங்கும்போது இந்த வீதியில் ஒரு கேள்வி காதில் விழும்: "ஊருக்குப் போறம். முல்லைத்தீவுப் பக்கமும் ஒருக்கால் பாக்கவேணும். வழியிலை எங்கை நல்லாச் சாப்பிடலாம்?"

கேட்பவர் எதிர்பார்ப்பது இரண்டு கடைப் பெயர்கள். கடைகள் வரும், போகும். ஆனால் எங்கள் கரையோரப் பாதைகளில் ஒரு வழிப்போக்கன் எங்கே, யார் கையால் சாப்பிட்டான் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது எங்களுக்குப் பெருமை தருவது பாதி, தலைகுனிய வைப்பது பாதி.

பருத்தித்துறையிலிருந்து தெற்கே கொக்கிளாய் வரை போகும் கரை மணலும் களப்பும் பற்றைக்காடுமானது. குடியிருப்புகள் ஐதானவை. அதனால் அந்தக்காலப் பயணியின் முதற் சாப்பாட்டுக்கடை அவன் தோளில் தொங்கிய மூட்டைதான். கட்டுச்சோறு ஒரு நாளைக்குத் தாங்கும். அதற்குமேல் பனையை நம்பவேண்டும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்த பினாட்டு, பனங்கட்டி: மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் இவைதான் வண்டில்காரனுக்கும் தோணிக்காரனுக்கும் வழித்துணை. இன்று ஸ்காபரோக் கடைகளில் ஊர் ஞாபகத்துக்காகப் பொதிகளில் வாங்குகிற பண்டங்கள் ஒருகாலத்தில் பயணத்துக்கென்றே செய்து வைத்தவை.

மூட்டை தீர்ந்தால் மடம். மடமும் கேணியும், தலைச்சுமை இறக்கச் சுமைதாங்கியும், மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும் சேர்ந்ததுதான் யாழ்ப்பாணத்தாரின் பழைய தெரு. பருத்தித்துறையில் இன்றும் நிற்கும் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இரு புறமும் கல்தூண்களோடு திண்ணை கட்டியிருக்கிறார்கள். தெருவால் போகிறவன் மடத்துக்குள்ளால்தான் போகவேண்டும். வெயிலுக்கு ஒதுங்கவும் படுக்கவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வசதி படைத்தவர்கள் காணியை எழுதிவைத்து அதன் வருமானத்தில் மடம் நடத்துவதைத் தருமம் என்று கொண்டார்கள்.

ஆனால் அந்தத் தருமத்துக்கு ஒரு வேலி இருந்தது. திண்ணையில் யார் ஏறலாம், எந்தப் பந்தியில் யார் இருக்கலாம், கேணியில் யார் தண்ணீர் அள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒரே தெருவால் வந்த இரண்டு வழிப்போக்கர்களில் ஒருவனுக்கு மடம் சத்திரம், மற்றவனுக்கு வெறும் நிழல்.

இந்த வேலியைக் கொஞ்சமாவது தளர்த்திய பாதை ஒன்று உண்டென்றால் அது கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்கள் வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோடு இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, குமண வழியாகக் கதிர்காமம் சேர்வார்கள். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. இந்த நெடும்பாதையில் சாப்பாடு விலைக்கு வாங்குவதல்ல. ஊருக்கு ஊர் கோயில் வாசலிலும் வீட்டு முற்றத்திலும் "சாமி சாப்பிட்டுப் போங்கோ" என்று மறிப்பார்கள். நடக்கிறவருக்கெல்லாம் சாமி என்றுதான் பெயர். பெயரே சாமியாகிவிட்டால் ஊரையும் குலத்தையும் விசாரிப்பது கொஞ்சம் சிரமந்தான். உகந்தைக்கு அப்பால் மட்டும் அரிசியும் பருப்பும் சுமந்துபோய்க் காட்டாற்றங்கரையில் தாங்களே சமைக்கவேண்டும்.

புறப்படும் இடமான சந்நிதியே சோற்றுக்குப் பேர்போனது. மருதர் கதிர்காமர் என்ற மீனவரின் வழிவந்தவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் அந்தக் கோயில் முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர். சுற்றியுள்ள மடங்களில் அடுப்பு அணைவது அரிது. 1983க்குப் பின் குலைந்துபோன யாத்திரை 1988இல் மீண்டும் தொடங்கியது. போர் பாதையைப் பலமுறை அறுத்தது. ஆனாலும் நடந்தவர்களுக்குச் சோறு போட ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் மடத்துக்குப் போட்டியாக வாடிவீடு வந்தது. மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் கடற்கரையில் போடும் கொட்டிலுக்கும் வாடி என்றுதான் பெயர். ஆனால் வாடிவீடு துரைமாருக்கானது. உத்தியோகப் பயணத்தில் வரும் அதிகாரிக்கு முன்னுரிமை, மற்றவனுக்கு இடமிருந்தால் பார்க்கலாம். ஆனையிறவில் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையே வாடிவீடாக மாறியிருந்தது. களப்பைப் பார்த்தபடி மேசையில் சாப்பிடலாம் என்று பழைய பயணிகள் அதைப் புகழ்வார்கள். போர் அதைத் தின்றுவிட்டது. 1905இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்ததோடு காட்டுப்பாதையில் நாட்கணக்கில் போகும் தேவை குறைந்தது. மடங்களின் வாழ்வும் மெல்ல வற்றியது. பிறகு பஸ் வந்தது. பஸ்ஸோடு தேநீர்க்கடை வந்தது.

காசு கொடுத்தால் எவருக்கும் சாப்பாடு என்பதே கடை என்ற சொல்லின் பொருள். எங்கள் ஊரில் அந்தப் பொருள் இலேசில் வரவில்லை. ஒரு பகுதியாருக்கு வாங்கில் இடமில்லை. வெளியே நிற்கவேண்டும். தேத்தண்ணி போத்தலிலோ பேணியிலோ சிரட்டையிலோ வரும். கொடுக்கும் காசு மட்டும் மற்றவன் காசோடு ஒரே லாச்சிக்குள் விழும். 1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முயற்சியால் நகரக் கடைகள் சிலவற்றின் கதவு திறந்தது. 1957இல் உணவகங்களிலும் பொது இடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சட்டம் கொழும்பில் நிறைவேறியது. கடை கொடிகாமத்தில் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி என்று தேநீர்க்கடைகளுக்குள் ஆட்களை அழைத்துச் சென்று வாங்கில் இருத்தியது. அடிதடி நடந்தது, உயிர்களும் போயின. ஒரு கோப்பை தேத்தண்ணிக்காக. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அந்தக் காலத்தின் கதை. கொடிகாமமும் நெல்லியடியும் பருத்தித்துறைக் கரைக்குப் போகும் பாதைச் சந்திகள் என்பதை இன்று வானில் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளவேண்டும். அந்தச் சந்திகளில் இன்று எல்லோரும் இறங்கித் தேத்தண்ணி குடிக்க முடிவதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

கண்டி வீதியில் எல்லோரும் இறங்கிய இடம் முறிகண்டி. சாரதி நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவார். பயணிகள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தேத்தண்ணிக்கும் கச்சானுக்கும் திரும்புவார்கள். 1990இல் பாதை மூடப்பட்டதும் அந்த நிறுத்தமும் போயிற்று. பிறகு கிளாலிக் களப்பை இரவில் வள்ளங்களில் கடந்த காலத்தில் மறுபடியும் கட்டுச்சோறுதான். நூறு ஆண்டில் நடந்த மாற்றம் எல்லாம் அழிந்து, பயணி தன் மூட்டைக்கே திரும்பினான். 2002இல் பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009 போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. அப்போது வீதியோரத்தில் படையினரின் சிற்றுண்டிச்சாலைகள் இருந்தன. அங்கே இறங்க மனம் வராமல் பசியோடு போனவர்களும் உண்டு.

பின்னர் 2010களில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் 'அம்மாச்சி' உணவகங்கள் வந்தன. ஊர்ப் பெண்கள் கண்முன்னே தோசை சுடுவார்கள், குரக்கன் புட்டு அவிப்பார்கள், இலைக்கஞ்சி ஊற்றுவார்கள். விலை குறைவு. காசு சமைத்தவள் கைக்குப் போகிறது. பருத்தித்துறை ஓடக்கரைப் பக்கம் வீடுகளில் தோசையும் அப்பமும் சுட்டு விற்கும் பெண்களின் தொழில் இதைவிடப் பழையது. தட்டை வடையை வாங்கிப் பையில் போட்டால் முல்லைத்தீவு வரை தாங்கும்.

கரையின் உண்மையான ருசி மட்டும் அநேகமாக விற்பனைக்கு வருவதில்லை. ஒடியல் கூழைக் கடையில் கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். ஆனால் அன்று வந்த மீன்தலையும் நண்டும் றாலும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போட்டுக் கிடாரத்தில் காய்ச்சி, முற்றத்தில் எல்லோருமாகக் குந்தியிருந்து பனையோலைப் பிளாவில் குடிப்பதற்குப் பெயர்தான் கூழ். தனியாளுக்குக் காய்ச்சும் கூழ் வெறும் சூப்பு. வாடியில் மீனவர் ஆக்கும் சோறும் குழம்பும் அப்படியே. அழைக்கப்பட்டால்தான் உண்டு.

முள்ளிவாய்க்கால் கரையில் 2009இல் உப்பும் அரிசியும் தண்ணீருமாக வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியை இப்போது ஒவ்வொரு மே மாதமும் தெருவோரத்தில் காய்ச்சிப் போகிறவர் வருகிறவருக்குக் கொடுக்கிறார்கள். 2024இல் சம்பூரில் அப்படிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். அந்தக் கஞ்சியில் ருசி கிடையாது. ஆனால் வாங்குகிறவரை யார் என்று கேளாமல் கொடுக்கப்படும் சோறு அது. மடம் செய்யத் தவறியதை அந்தத் தெருவோரப் பானை செய்கிறது.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். வைகாசியில் போனால் வற்றாப்பளைப் பொங்கல். ஆவணியில் போனால் சந்நிதித் திருவிழா. எந்த மடத்திலும் இலை போடுவார்கள். மற்ற நாட்களில், விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் அடுப்படியில் நிற்பது யார், காசு யாரிடம் போகிறது என்று பாருங்கள். தெருவோரத்தில் யாராவது மறித்துக் கஞ்சி தந்தால், வானை நிறுத்தி இறங்கி இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள்.